கரண்டி இங்கே, குழல் அங்கே

மட்சுவே
ஷோவா 4 (1929), செப்டம்பர் 9

தோமிக்கு,

முதலில் மழையைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் நாலு வரி எழுதிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவதுதான் முறை. மட்சுவேயில் மழை பெய்கிறது. ஏரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதும்.

உன் அண்ணன் போனபின் மூன்று வருடமாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகூடக் கிடையாது. நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று நீ ஊறுகாய்க் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குக் குழல் வேண்டும்.

எந்தக் குழல் என்று கேட்காதே. உன் அண்ணனின் சடங்கு முடிந்த அன்று, வந்தவர்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உன் கிமோனோக் கைக்குள் போன, தேயிலைக் கரண்டியைப் போட்டு வைக்கிற மூங்கில் குழல். நான் பார்த்தேன். அத்தனை பேர் நடுவில் நாத்தனாரைக் கையை உதறிக் காட்டச் சொல்வது எப்படி என்று வாயை மூடிக்கொண்டேன்.

வரும் நவம்பரோடு நம் வீட்டு மூதாதை, தேநீர் குரு சோபொகு இறந்து நூற்றைம்பது வருடம். ஊர்த் தேநீர்ச் சங்கம் நினைவு விருந்து நடத்துகிறது. புயலில் பிய்ந்து விழுந்த தன் வீட்டுக் கூரையின் மூங்கிலில் அவர் செதுக்கிய தேயிலைக் கரண்டி, 'ஒழுகும் கூரை', எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் பிரதான ஆசனத்தில் உட்கார்ந்து தேநீர் கலக்க வேண்டும். ஐம்பதாம் வருடத்திலும் நூறாம் வருடத்திலும் அப்படித்தான் நடந்தது. கரண்டி என் வீட்டில் இருக்கிறது, இதில் என்ன சந்தேகம் என்று நான் பாட்டுக்கு இருந்தேன்.

ஆகஸ்டில் மரக்கடை சுகானோ ஒரு கரண்டியோடு கிளம்பிவிட்டான். ஒசாகாவில் வாங்கினானாம். அதுவும் புகை ஏறிய பழைய மூங்கில். அதற்குக் குழலும் உண்டு. குழலின் மேல் 'ஒழுகும் கூரை' என்ற பெயரும் சோபொகுவின் கையொப்பமும் இருக்கின்றன. சங்கக் கூட்டத்தில் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குழல் இல்லாத கரண்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அந்தம்மா கிட்ட இருக்கிறது நகலாத்தான் இருக்கும். பாவம், அவங்களுக்கே தெரியாம இருக்கலாம்."

அந்தப் பாவத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சங்கத் தலைவர் கட்சுபேயை உனக்குத் தெரியும், சோயா காய்ச்சுகிற வீட்டுப் பெரியவர். அப்போது ஒரு காது மந்தம், இப்போது இரண்டும். "கிவா, குழலைக் கொண்டா. ரெண்டு பேருதையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார். விருந்துக்கு முந்தைய நாள் பார்வை. குழல் இல்லாமல் நான் போய் நின்றால் ஆசனம் சுகானோவுக்கு.

ஒரு நாள் ஆசனம்தானே என்று நினைக்காதே. உன் அண்ணனுக்குப் பிறகு இந்த வீட்டில் தேநீர்க் கலை சொல்லிக்கொடுப்பவள் நான். மருமகள், அதிலும் விதவை, இவளுக்கு என்ன பாத்தியதை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது போதும். மறுநாளே வாசல் பலகையைக் கழற்றச் சொல்வார்கள்.

குழலை அனுப்பு. விருந்து முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன். இது என் வாக்கு.

கிவா


கியோட்டோ
செப்டம்பர் 15

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கமோ ஆற்றங்கரையில் வெயில் இன்னும் விட்டபாடில்லை. ஆனாலும் காலையில் காற்றில் ஒரு குளிர்ச்சி தெரிகிறது. பூச்சிகள் பாடத் தொடங்கிவிட்டன. உங்கள் ஏரியும் நலமே என நம்புகிறேன். பார்த்தீர்களா, எனக்கு முறையாக எழுதத் தெரியும். ஊறுகாய்க் கடைக்காரர் பெண்டாட்டி ஆனாலும் நான் கஜிதானி வீட்டில் பிறந்தவள்.

ஆமாம், குழல் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் எடுத்தது திருட்டு என்றால், அன்றைக்குக் கரண்டி உங்கள் மடியில் உட்கார்ந்திருந்ததே, அதற்கு என்ன பெயர்? "கரண்டியையாவது நான் கொண்டு போறேன் அண்ணி" என்றுதான் கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு? கரண்டி செதுக்கினவங்களுக்கும், அதை வச்சுத் தேநீர் கலக்குறவங்களுக்கும்தான் அது." சுற்றி இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் குழலை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

செதுக்கினவர்களுக்கு. அந்த ஒரு வார்த்தை மூன்று வருடமாக என் நெஞ்சை அறுக்கிறது.

அண்ணி, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அண்ணன் பெயரில் ஊரெல்லாம் இருக்கும் கரண்டிகள், கட்சுபே வீட்டில் இருப்பது, கோயிலில் இருப்பது, உங்கள் கல்யாணத்துக்கு வந்த பெரியவர்களுக்குக் கொடுத்தது, இதில் ஒன்றைக்கூட அண்ணன் செதுக்கவில்லை. எல்லாம் நான் செதுக்கியது. அப்பா அவன் கையில்தான் கத்தியைக் கொடுத்தார். அவன் எடுத்தால் ஒன்று மூங்கில் உடையும், இல்லை விரல் வெட்டும். அப்பாவுக்குத் தெரியாமல் நான் செதுக்கிக் கொடுப்பேன். அவன் கரண்டிக்கு ஒரு பெயர் வைத்துக் குழலில் எழுதிக் கையொப்பம் போடுவான்.

கல்யாணமாகி இங்கே வந்தபின்னும் நிற்கவில்லை. இலையுதிர் காலம் வந்தால் எங்கள் கடையிலிருந்து உங்களுக்கு முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாய் வருமே, அதை ஏன் அவனே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் திறந்தான் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? அவனுக்கு முள்ளங்கியே பிடிக்காது.

குழல் வேண்டுமென்றால் தருகிறேன். விருந்தில் கெட்டித் தேநீருக்குச் சோபொகுவின் கரண்டியை வையுங்கள். அடுத்து வரும் இளம் தேநீருக்கு அண்ணன் பெயரில் இருக்கும் கரண்டி ஒன்றை வையுங்கள். "இந்தக் கரண்டி யார் செதுக்கினது?" என்று தலைமை விருந்தாளி வழக்கம்போலக் கேட்பார். அப்போது என் பெயரைச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

தோமி


மட்சுவே
செப்டம்பர் 19

தோமிக்கு,

பொய். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறாய்.

அவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு செதுக்குவார். அந்த வாசலில் நான் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்பேன். மறுநாள் பாயின்மேல் கிடக்கும் மூங்கில் சீவல்களைக் கூட்டி அள்ளியவள் நான். அந்தச் சீவல்களையும் நீதான் கியோட்டோவிலிருந்து அனுப்பினாயா?

உன் குழலை நீயே வைத்துக்கொள். அதில் பூ செருகி வை.

கிவா


கியோட்டோ
செப்டம்பர் 23

அண்ணிக்கு,

ஆமாம், சீவல்களையும் நான்தான் அனுப்பினேன். பீப்பாயின் அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி. காலையில் நீங்கள் கூட்ட வருவீர்கள் என்று அண்ணன் கேட்டு எழுதுவான். "போன தடவை சீவல் கம்மி, இந்தத் தடவை கொஞ்சம் தாராளமா அனுப்பு" என்று ஒரு முறை எழுதினான்.

நம்ப முடியவில்லை என்றால் கரண்டிகளையே கேளுங்கள். ஒவ்வொன்றின் வால் முனையையும் பாருங்கள், கத்தியால் சீவி முடித்த இடம். கத்திச் சுவடு எந்தப் பக்கம் சாய்கிறது? அண்ணன் வலது கைக்காரன். நான் சோறு தின்பதும் தேநீர் கலப்பதும் வலது கையால்தான், அப்பா பிரம்பால் பழக்கியது அது. கத்தி மட்டும் என் இடது கையில்தான் நிற்கும். பின்னறையில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அண்ணனைக் கெட்டவன் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவன் நல்லவன். அதனால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

தோமி


மட்சுவே
அக்டோபர் 2

தோமிக்கு,

பார்த்தேன்.

வீட்டில் இருந்தவற்றைப் பார்த்தேன். அதோடு விடாமல் கோயிலுக்குப் போனேன். பிறகு கட்சுபே வீட்டுக்குப் போய், உன் அண்ணன் அவருக்குக் கொடுத்த 'மறந்த குடை' கரண்டியைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். நான் அதைத் தலைகீழாகப் பிடித்து மூக்கருகே வைத்துப் பார்ப்பதைக் கண்டு அவர், "என்ன கிவா தேடுற?" என்றார். "தூசி" என்றேன். "பூசணியா? இந்தக் காலத்துல எங்கே கிடைக்கும்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எல்லாச் சுவடும் ஒரே பக்கம் சாய்கிறது. உன் பக்கம்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பதினெட்டு வருடம் அந்தக் கதவுக்கு வெளியே பூனை மாதிரி நடந்திருக்கிறேன். உள்ளே அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? காகிதத்தைப் பிரித்துச் சீவலைத் தூவிவிட்டுத் தூங்கியிருப்பார். நேரில் இருந்தால் கேட்டிருப்பேன். இல்லாத மனிதரோடு சண்டை போடுவது பெரிய தொல்லை.

ஆனாலும் நீ கேட்டதை நான் செய்யமாட்டேன். அவர் பெயரைக் காப்பாற்றத்தான் இந்த வாசலில் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, என் புருஷன் உங்களை ஏமாற்றினார் என்று நானே சொன்னால், பிறகு நான் எதைக் காப்பாற்றுகிறேன்? குழல் இல்லாமலே போகிறேன். கரண்டியை நடுவில் வைப்பேன். நடப்பது நடக்கட்டும்.

இன்னொன்று. அந்தக் கரண்டிகள் அழகாக இருக்கின்றன. கணுவுக்குப் பக்கத்தில் இடுப்பு மாதிரி ஒரு வளைவு வருகிறதே, அதை நான் தினமும் தொட்டிருக்கிறேன், தொடும்போதெல்லாம் அவரை மெச்சியிருக்கிறேன். அந்த மெச்சல் முகவரி தவறிப் போயிருக்கிறது. உன்னிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

கிவா


கியோட்டோ
அக்டோபர் 20

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் சுகானோ. நேற்று எங்கள் கடைக்கு வந்தான்.

நல்ல பட்டு, வெள்ளைவெளேர் என்று காலுறை. தொட்டிகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டே, "அம்மா, உங்க கிட்ட ஒரு பழைய குழல் இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றான்.

"இங்கே ஊறுகாய்தான் இருக்கு. முள்ளங்கியா, கத்தரிக்காயா?"

"விளையாடாதீங்க. உங்களுக்கும் அந்த விதவைக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். குழல் அவ கைக்குப் போகக்கூடாதுன்னுதான் நீங்களும் நினைக்கிறீங்க, நானும் நினைக்கிறேன். என் கிட்ட குடுத்துடுங்க. அடுப்புல போட்டுட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. உங்களுக்கு என்ன வேணுமோ கேளுங்க."

நான் பேசாமல் முள்ளங்கியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் போல. "எங்கிருந்தோ வாழ வந்தவ, புருஷன் போனதும் பெரிய குரு ஆயிட்டா. தேநீர் கலக்கத் தெரியுமோ என்னவோ, கண்ணைக் கசக்கத் தெரியும்" என்றான்.

"இங்கே பாரு" என்றேன். "அவங்களைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். அது எங்க வீட்டு வேலை. அதுக்கு வெளி ஆள் வைக்கிற வழக்கமில்லை."

அந்த நேரம் பார்த்து ஒரு வாளி உப்புத் தண்ணீர் சாய்ந்து அவன் காலுறைமேல் கொட்டிவிட்டது. தவறித்தான் கொட்டியது. எங்கள் வீட்டுக்காரர் என்னைத் திட்ட வெளியே வந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வாளியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்.

அண்ணி, யோசித்துப் பாருங்கள். கையில் நிஜக் கரண்டி இருப்பவன் அடுத்தவர் குழலை எரிக்க இவ்வளவு தூரம் ரயிலில் வருவானா?

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இது செதுக்குகிறவர்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற விஷயம், அண்ணனுக்குக்கூடத் தெரியாது. கூரை மூங்கில் காலகாலமாக அடுப்புப் புகை பட்டுக் கறுக்கும். ஆனால் கயிறு கட்டியிருந்த இடத்தில் புகை ஏறாது, வெளுத்த பட்டை நிற்கும். உங்கள் கரண்டியின் வால் பக்கம் சாய்வாக ஒரு வெளுத்த பட்டை ஓடி ஓரத்தில் முடிகிறது பாருங்கள். உண்மையில் அது அங்கே முடியவில்லை. சோபொகு குழலையும் அதே மூங்கிலின் அடுத்த துண்டில்தான் வெட்டினார், தோலைச் சீவாமல் அப்படியே விட்டார். கரண்டியின் வாலைக் குழலின் வாய்க்கு நேராக வைத்தால், பட்டை கரண்டியிலிருந்து குழலுக்கு ஏறி அதைச் சுற்றிக்கொண்டு போகும். சின்ன வயதில் அப்பா இல்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கு ஒரு பீப்பாய் அனுப்புகிறேன். குழல் வழக்கமான இடத்தில், அடியில் இருக்கும். என் நிபந்தனையை மறந்துவிடுங்கள். அண்ணன் பெயர் அப்படியே இருக்கட்டும். நீங்கள் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே இன்னொன்றும் இருக்கும். போன வாரம் செதுக்கினேன், எங்கள் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த மூங்கில். குழலும் செய்தேன், ஆனால் அதில் ஒன்றும் எழுதவில்லை. பெயர் வைப்பது அண்ணன் வேலை, எனக்கு அது சுத்தமாக வராது. 'மறந்த குடை' என்று அவன் வைத்த பிறகுதான் அந்த வளைவு குடைப்பிடி என்று செதுக்கிய எனக்கே தெரிந்தது. இந்தப் புதுசைப் பின்னறையில் எங்காவது வைத்துவிடுங்கள்.

தோமி


மட்சுவே
அக்டோபர் 26

தோமிக்கு,

பீப்பாய் வந்தது. நானே பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீ சின்ன வயதில் ஏன் அப்படியே உட்கார்ந்திருந்தாய் என்று புரிந்தது.

முள்ளங்கியில் உப்பு சரியாக இருக்கிறது. இப்போதைக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

கிவா


மட்சுவே
நவம்பர் 12

தோமிக்கு,

ஜெயித்தோம்.

ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பார்வை கோயில் கூடத்தில் நடந்தது. சுகானோ தன் கரண்டியைச் சரிகைத் துணியில் படுக்க வைத்திருந்தான், குழலின் எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி. நான் வெறும் பாயில் வைத்தேன். என்னிடம் குழலும் இருப்பதைக் கண்டதும் அவன் முகம் ஒரு சுற்று சிறுத்தது. ஆனால் உடனே சமாளித்துக்கொண்டான். "திடீர்னு குழல் முளைச்சிருக்கு. எழுத்து எப்ப எழுதினதோ" என்றான்.

"எழுத்தே வேண்டாம்" என்றேன். "எழுத்தை யாரு வேணும்னாலும் எழுதலாம்." என் குழலை எழுத்து தரையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். அவனுடையதையும் திருப்பச் சொன்னேன். அவன் தயங்கினான். கோயில் பெரிய குருவே கை நீட்டித் திருப்பிவிட்டார்.

"சோபொகு தன் கூரை மூங்கிலை வெட்டினாருன்னு ரெண்டு பேரும் சொல்றோம். அப்ப ரெண்டு துண்டும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் சொல்லணும் இல்லையா? கரண்டியோட வாலைக் குழலோட வாய்க்கு நேரா வைங்க" என்றேன்.

முதலில் அவனுடையதை வைத்தார்கள். கரண்டியில் வெளுத்த பட்டை இருந்தது. குழல் அடியிலிருந்து நுனிவரை ஒரே கறுப்பு. பட்டை வந்து ஓரத்தில் நின்றுவிட்டது, போக இடமில்லாமல். "குழலைத் திருப்பிப் பாருங்க" என்றான். திருப்பினார்கள். சுற்றிச் சுற்றித் திருப்பினார்கள்.

பிறகு என்னுடையதை, இல்லை, நம்முடையதை வைத்தார்கள். கட்சுபே பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்கு பாயில் இடிக்கும்படி குனிந்தார். பட்டை கரண்டியில் இறங்கி, ஓரத்தைத் தாண்டி, குழலில் ஏறி, ஒரு சுற்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது. அவர் நிமிரவே இல்லை.

"இந்தக் கட்டு எங்க வீட்டுக் கூரையிலயும் இருக்கு" என்றார் கடைசியில். "இந்த ஊர்க் கட்டு. ஒசாகாவுல இதைக் கட்ட ஒருத்தனுக்கும் தெரியாது. சுகானோ, நீ ஏமாந்திருக்கே."

சுகானோ கடையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லி எழுந்தான். போகும்போது என் கண் தானாக அவன் காலுக்குப் போயிற்று. புதுக் காலுறை. சிரிப்பை அடக்க நான் தலையை நன்றாகக் குனிந்து வணங்கினேன். பணிவுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் விருந்து. காலையிலிருந்து நல்ல மழை, சோபொகுவுக்கு ஏற்ற மழை. குளிர்காலத்துக்காகத் தரையடுப்பைத் திறந்து முதல் கரி போட்டேன். பிரதான ஆசனத்தில் உட்கார்ந்தேன், தோமி. இந்த ஊரில் அந்த இடத்தில் ஒரு பெண் உட்காருவது அதுதான் முதல் தடவை. கெட்டித் தேநீர் சுற்றி வந்து முடிந்தது. தலைமை விருந்தாளி கட்சுபே முறைப்படி கேட்டார், நான் முறைப்படி சொன்னேன். செதுக்கியது சோபொகு, பெயர் 'ஒழுகும் கூரை', குழல் அவர் கையாலேயே செய்தது. அதைச் சொல்லும்போது குரல் எங்கிருந்தோ நிறைந்து வந்தது.

அடுத்து இளம் தேநீர். அதற்கு உன் அண்ணன் பெயரில் இருக்கும் கரண்டி ஒன்றைத்தான் எடுத்து வைத்திருந்தேன். பாத்திரம் கழுவும் பின் அறையில் அதைக் கையில் எடுத்தேன், துணியால் துடைத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நீ புதிதாக அனுப்பியதை எடுத்துக்கொண்டேன். நீ நிபந்தனையைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் சத்தியமாகச் செய்திருக்கமாட்டேன். ஒன்றும் கேட்காமல் குழலை அனுப்பிவிட்டாய், அதற்குப் பிறகு அந்தப் பெயரை விழுங்க முடியவில்லை.

தேநீர் முடிந்தது. கட்சுபே கரண்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. யார் செதுக்கினது?"

"கஜிதானி தோமி" என்றேன்.

"யாரு?"

தேநீர் அறையில் யாரும் குரல் உயர்த்துவதில்லை, உனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உயர்த்தினேன். "கஜிதானி தோமி."

"எனக்குத்தான் காது கேக்காதே. உரக்கச் சொல்லு."

சரி, இனி என்ன என்று மூச்சை இழுத்துக்கொண்டேன். "கஜிதானி தோமி" என்று கத்தினேன். "செய்ஜிரோவோட தங்கச்சி. இடது கைக்காரி."

காகிதக் கதவுதானே. காத்திருப்பு அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டது, தோட்டத்தில் குடை பிடித்து நின்றவர்களுக்குக் கேட்டது, வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். இப்போது உன் வீட்டுப் பெயர் கஜிதானி இல்லை என்று எனக்குத் தெரியும். என் வாயில் அப்படித்தான் வந்தது. அன்றைக்குச் சடங்கில் நான் சொன்னதற்கு இதை ஈடாக வைத்துக்கொள்.

கட்சுபேக்கு இந்த முறை கேட்டுவிட்டது. "இது செய்ஜிரோ கை மாதிரியே இருக்கே?"

"அவர் கையே இதுதான்" என்றேன், அதே சத்தத்தில். "உங்க வீட்டு 'மறந்த குடை'யும் இவதான் செதுக்கினா. கோயில்ல இருக்கிறதும் இவதான். அவர் ஒண்ணுகூடச் செதுக்கலை. பேரெல்லாம் அவர் வச்சது. அந்தப் பேரை வேற யாராலயும் வச்சிருக்க முடியாது, அந்தக் கரண்டியை வேற யாராலயும் செதுக்கியிருக்க முடியாது. இனிமே ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுங்க."

கட்சுபே கரண்டியைத் திருப்பி வால் முனையைப் பார்த்தார். விரலால் தடவினார். எனக்கு அந்த நேரம் உன் அண்ணன் முகம் கண் முன்னால் வந்தது. மன்னிப்புக் கேட்கவா, சண்டை போடவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அதானே" என்றார் கட்சுபே. "அவன் பள்ளிக்கூடத்துல பென்சில் சீவினாலே விரல்ல கட்டுப் போட்டுக்கிட்டு வருவான். இவன் எப்படி இப்படிச் செதுக்குறான்னு எனக்கு இத்தனை வருஷமா ஆச்சரியம்."

முதலில் கோயில் குரு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அவரைக் குறைத்துச் சிரித்த சிரிப்பு இல்லை. அவர் அங்கே இருந்திருந்தால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பார்.

"சரி, இதுக்குப் பேரு?" என்றார் கட்சுபே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஒன்று வந்தது.

"'உரக்கச் சொல்'" என்றேன்.

கிழவர் கரண்டியை இரண்டு கையாலும் நெற்றிவரை உயர்த்தி வணங்கினார். "கேட்டுச்சு" என்றார்.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கட்சுபே, கையில் துணி சுற்றிய 'மறந்த குடை'. அதன் குழலில் உன் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் எழுத வேண்டுமாம். மதியத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். வாசல் அலமாரியில் செருப்பு வைக்க இடமில்லை, எல்லாம் குழல்கள். நான் எழுத முடியாது, செதுக்கியவள் வந்துதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

விருந்து முடிந்ததும் குழலைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். வாக்கு மாறமாட்டேன். வந்து எடுத்துக்கொள்.

கிவா


கியோட்டோ
நவம்பர் 16

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே எங்கள் வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீங்கள் கத்திய இடம் வந்ததும் நானும் கத்தினேன். கத்தரிக்காய் வாங்க வந்த அம்மாள் பயந்து போய்ச் சில்லறையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். "ஏன் அழறே?" என்றார் இவர். உப்புத் தண்ணீர் கண்ணில் தெறித்துவிட்டது என்றேன். நம்பின மாதிரி தலையை ஆட்டினார், நல்ல மனிதர்.

குழலை எடுக்க வரவில்லை. அது கரண்டியோடு இருக்கட்டும், பிரித்து வைத்தது போதும். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். வாசல் அலமாரியில் என் செருப்புக்கு இடம் வையுங்கள். பீப்பாயும் கூட வருகிறது, இந்த முறை அடியில் முள்ளங்கி மட்டும்தான் இருக்கும். பின்னறையைக் கூட்ட வேண்டாம், நான் வந்து நிஜமாகவே சீவல் போடுகிறேன்.

'உரக்கச் சொல்' குழலில் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும், வைத்தது நீங்கள்தானே. அண்ணன் இருந்தாலும் இதைவிட நன்றாக வைத்திருக்கமாட்டான். கீழே கையொப்பம் மட்டும் நான் போடுகிறேன்.

கட்சுபேயையும் மற்றவர்களையும் கூப்பிட்டு முன்னால் உட்கார வையுங்கள். இடது கையால் போடப் போகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

கஜிதானி தோமி